கடைப் பெயர்ப்பலகையும் கண்டி மழையும்

கண்டி நகரில் புதிதாகக் கடை திறக்கும் ஒருவர், வாடகை முற்பணம் செலுத்தி, அலுமாரியும் தராசும் வாங்கி, சுவருக்கு வெள்ளையடித்து முடித்த பின்னர், கையில் எஞ்சிய பணத்தை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டு செல்லும் இடம், ஹாட்வெயார் கடை என்று வழங்கும் இரும்புச் சாமான் கடையாகும். அங்கே அவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “பெயர்ப்பலகைக்கு எந்தத் தகடு மலிவு?” விற்பவரும் சதுர அடிக் கணக்கில் ஒரு விலையைச் சொல்கிறார். வாங்குபவர் மிகக் குறைந்த விலையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புகிறார். இருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவரையொருவர் ஏமாற்றவுமில்லை. எனினும், எத்தனை ஆண்டுகளுக்கு மலிவு என்ற மறுபாதி கேட்கப்படாமலே போய்விடுகிறது.

இக்காலத்தில் அந்த மறுபாதி சிறிய விடயமன்று. பெயர்ப்பலகைக்கு வேண்டிய தகடுகளிலும் பிளாஸ்டிக் பலகைகளிலும் பெரும்பகுதி இலங்கைக்கு வெளியிலிருந்து வருவன. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற அமெரிக்க டொலர், சில மாதங்களுக்குள் 360 ரூபாயளவுக்கு ஏறிற்று. அந்த ஏற்றத்தின்போது தையற்கடை, தேநீர்க்கடை, மருந்துக்கடை, சைக்கிள் திருத்துமிடம் முதலிய சிறு தொழில்களை நடத்துவோர் பட்ட பாடு எளிதில் மறக்கக்கூடியதன்று. அவர்களுக்குப் பெயர்ப்பலகை என்பது ஒருமுறை செய்து மாட்டிய பின்னர் பல ஆண்டுகளுக்கு நினைக்க வேண்டாத செலவாக இருத்தல் வேண்டும். இரண்டு மழைக்காலம் கழிந்ததும் மீண்டும் செய்யவேண்டி வந்தால், அது தொழிலின் முதலையே அரிக்கும்.

எந்தத் தகடு நல்லது என்பதற்கு முன்னர், எந்த ஊரில் மாட்டப்போகிறோம் என்பதைப் பார்த்தல் வேண்டும். கொழும்பில் பெயர்ப்பலகை செய்பவர் கூறும் ஆலோசனை கண்டிக்கு முழுவதும் பொருந்தாது. கொழும்பிலும் காலியிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலும் இரும்பின் முதற் பகை உப்புக் காற்றாகும். அங்கே நாகம் பூசிய தகரங்கூட விரைவிலே துருப்பிடிக்கும். கண்டியோ கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், அந்தானை மலைத்தொடரும் உடவத்தைக் காடும் பைரவகந்தையும் சூழ்ந்த ஒரு கிண்ணம்போன்ற நிலத்தில் அமைந்த நகரம். அங்கே உப்பின் தொல்லை இல்லை. அதற்கு ஈடாக நீரின் தொல்லை உண்டு. ஆண்டுக்குச் சராசரியாக 1,800 முதல் 2,000 மில்லிமீற்றர் வரை மழை பெய்கிறது. வைகாசி முதல் தென்மேற்குப் பருவக்காற்று. ஐப்பசி கார்த்திகையில் இடியுடன் கூடிய மாலை மழை. அதன்பின் வடகீழ்ப் பருவம். உண்மையான வறட்சி என்று சொல்லத்தக்கது தை மாதம் முதல் பங்குனி வரையுள்ள சில வாரங்களே. நாவலப்பிட்டிப் பக்கம் போனால் மழை இன்னும் மிகும். திகன, தெல்தெனியப் பக்கம் சற்றே குறையும்.

மழை நின்ற பின்னரும் ஈரம் நிற்கிறது. நிழல் விழும் சுவர்களில் பச்சைப் பாசி படர்வதை நகரவாசிகள் நாள்தோறும் காண்கிறார்கள். மலைகள் சூழ்ந்திருப்பதனால் வாகனப் புகையும் எளிதில் வெளியேறாமல் தங்கி, ஈரப்பலகையின்மேல் கரியாகப் படிகிறது. ஆகவே கண்டியிலே பெயர்ப்பலகையைக் கெடுப்பவை நீர், பாசி, கரி, வெயில் ஆகிய நான்கு. இவற்றுள் நீரே தலைமையானது. நீர் தகட்டின் நடுவிலே புகுவதில்லை. வெட்டிய ஓரத்திலே புகும். திருகாணி துளைத்த துளையிலே புகும். எவரும் பார்க்காத பின்பக்கத்திலே தங்கும். கெட்டுப்போன எந்தப் பலகையைக் கழற்றிப் பார்த்தாலும் இம்மூன்று இடங்களில் ஒன்றிலேதான் நோய் தொடங்கியிருக்கும். விலையுயர்ந்த தகட்டை வாங்கி ஓரத்தைக் கவனியாமல் விட்டவரைவிட, மலிவான தகட்டை வாங்கி ஓரத்தை மூடியவரே இலாபம் அடைந்தவர்.

முதலில் நாகம் பூசிய இரும்புத் தகட்டை எடுத்துக்கொள்வோம். நம் மக்கள் தகரம் என்று அழைப்பது இதைத்தான். நம் பாட்டனார் காலத்துக் கடைகளிலும் தொங்கியது இதுவே. இன்றும் கண்டி போன்ற உள்நாட்டு நகரத்துக்கு இது இழிவான பொருளன்று. நாகம் இரும்பை இரண்டு வகையாகக் காக்கிறது. மேலே போர்வையாக இருந்து நீரைத் தடுப்பது ஒன்று. எங்காவது கீறல் விழுந்து இரும்பு வெளிப்பட்டால், நாகம் தான் முன்னின்று கரைந்து இரும்பைத் துருவிலிருந்து தப்புவிப்பது மற்றொன்று. ஆனால் அந்தப் போர்வை எத்தனை கனம் என்பதிலே வாங்குபவர் கண்வைத்தல் வேண்டும். நல்ல தகட்டில் சதுர மீற்றருக்கு இரு பக்கமும் சேர்த்து 275 கிராம் நாகம் இருக்கும். அது ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 மைக்ரோன் கனமாகும். மலிவுத் தகட்டில் 100 கிராமோ அதனினும் குறைவாகவோ இருப்பதுண்டு. உப்புக் காற்று இல்லாத இடத்திலே நாகம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மைக்ரோனுக்கு மேல் கரைவதில்லை. கணக்கை நேயர்களே போட்டுக்கொள்ளலாம்: 20 மைக்ரோன் உள்ள தகடு வர்ணமே இல்லாமலும் பத்து ஆண்டு நிற்கும், 7 மைக்ரோன் உள்ளது நான்கைந்து ஆண்டிலே இரும்பைக் காட்டிவிடும். இரண்டும் கடையில் அருகருகே ஒரே வெள்ளி நிறத்தோடு மின்னிக்கொண்டிருக்கும். விலைவித்தியாசமோ அவ்வளவு பெரிதன்று. ஆகவே தகட்டின் கனத்தை மட்டும் கேளாமல், நாகப் பூச்சின் அளவையும் கேட்டு வாங்குவது நல்லது.

கனத்தைப் பற்றியும் ஒரு சொல். தகட்டின் கனத்தைக் கேஜ் என்னும் எண்ணாற் குறிப்பார்கள். எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பதைப் புதிதாக வாங்குபவர் பலர் அறியார். 26 என்பது 24ஐவிட உயர்ந்தது என்று எண்ணிக்கொண்டு மெல்லிய தகட்டைப் பெருமையோடு எடுத்துச் செல்வாரும் உளர். 24 கேஜ் ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர், 26 கேஜ் அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. எட்டடி நீளமும் நான்கடி அகலமுமுள்ள 24 கேஜ் தகடு ஏறத்தாழ 14 கிலோகிராம் நிறையுள்ளது. சிறு கடைக்கு இதுவே போதும். ஓரங்களை அரை அங்குலம் மடித்துவிட்டால், கையை வெட்டும் கூர்மையும் மறையும், தகடும் விறைப்படையும், வெட்டுவாயும் மழைக்கு நேரே நில்லாது.

தகரத்துக்கு வர்ணம் பூசுவதிலேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். புதிய தகரத்தின்மேல் எண்ணெய் இனாமல் வர்ணத்தை நேரே பூசினால், பூசிய அன்று கண்ணாடிபோல் பளபளக்கும். ஓராண்டு கழிவதற்குள் வாழைச் சருகுபோல் உரிந்து விழும். வர்ணத்திலுள்ள எண்ணெய் நாகத்தோடு கூடி, இடையிலே சவர்க்காரம் போன்ற ஒரு படலம் உண்டாவதே இதற்குக் காரணம். சவர்க்காரத்தின்மேல் எது ஒட்டும்? ஆதலால் முதலில் தகட்டைச் சலவைத் தூள் கரைத்த நீராற் கழுவி, எண்ணெய்ப் பசையை நீக்கி, நன்கு உலரவிட்டு, நாகத்துக்கென்றே விற்கப்படும் அடிப்பூச்சை ஒருமுறை பூசி, அதன்மேலேயே நிற வர்ணம் பூசுதல் வேண்டும். முன்பக்கத்துக்கு எவ்வளவு கவனமோ, அதே அளவு பின்பக்கத்துக்கும் வேண்டும். பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார் என்று கேட்பவர்களுக்கு, மழை பார்க்கும் என்பதே விடை.

வர்ணம் பூசும் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு, கூரைக்கென்று வரும் நிறந்தீட்டிய தகடு மடிப்பில்லாத தட்டையான வடிவிலும் கிடைக்கிறது. அலுமினியமும் நாகமும் கலந்த பூச்சின்மேல், ஆலையிலேயே சூட்டில் வாட்டிப் பதித்த வர்ணம் அது. கையாற் பூசும் வர்ணம் அதற்கு ஈடாகாது. வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் தகட்டை வாங்கி, எழுத்தை மட்டும் எழுதுவித்தால் வேலை பாதியாகும். நடுத்தர வசதியுள்ள கடைக்காரருக்கு இதைவிடப் பொருத்தமானது அரிது என்றே கூறலாம்.

மரவழிப் பலகைகளைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். மலைநாட்டாருக்கு ஒட்டுப்பலகை புதிதன்று. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் கண்டி மாவட்டத்து லூல்கந்தரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதிலிருந்து வளர்ந்த அந்தத் தொழிலிலே, தேயிலை நெடுங்காலம் ஒட்டுப்பலகைப் பெட்டிகளிலேதான் கப்பலேறிற்று. ஆனால் தேயிலைப் பெட்டி மழையில் நிற்பதற்குச் செய்யப்பட்டதன்று. வீட்டுத் தளபாடத்துக்கு விற்கப்படும் சாதாரண ஒட்டுப்பலகையின் பசை ஈரத்திலே விட்டுவிடும். பலகை புத்தகம்போல் ஏடுஏடாகப் பிரியும். கொதிநீருக்கும் அசையாத பினோலிக் பசையாற் செய்த கடற்றர ஒட்டுப்பலகை வேறு. ஐயமிருந்தால், கடைக்காரரிடம் கையளவு துண்டொன்று கேட்டு வாங்கி, வீட்டிலே சில மணிநேரம் கொதிக்க வைத்துப் பார்க்கலாம். இந்தியத் தர நிறுவனம் கடற்றரப் பலகைக்கு 72 மணிநேரக் கொதிப்புச் சோதனை விதித்திருக்கிறது. மட்டமான பலகையோ அரை நாளிலேயே தன் குணத்தைக் காட்டிவிடும். எப்படியாயினும் 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை முழு அளவில் 20 கிலோகிராமுக்கு மேல் நிறுக்கும். கண்டி மழைக்கு அதன் ஓரங்களை மூன்று முறையாவது வர்ணத்தால் அடைக்கவேண்டும். தும்புப்பலகை, மரத்தூட் பலகை, எம்.டி.எஃப். ஆகியவற்றை வெளியிலே மாட்டுவது பணத்தை மகாவலியில் விடுவதற்குச் சமம்.

இனிப் பிளாஸ்டிக் வகைகள். இவற்றுள் இன்று எங்கும் காணப்படுவது பிளெக்ஸ் என்னும் அச்சிட்ட துணியாகும். நூல்வலையின்மேல் பி.வி.சி. படலம் பதித்த இது, கடைக்காரர் காலையிற் சொன்னால் மாலையிற் கிடைக்கிறது. பூவும் படமும் அச்சாகின்றன, விலையும் குறைவு. கையால் எழுதிய பலகைக்காரரை இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மெல்ல மெல்ல ஓரங்கட்டியது இதுவே. அதைக் குறைகூறிப் பயனில்லை. அவசரத்துக்கும் குறுகிய காலத்துக்கும் அது தக்க பொருள்தான். ஆனால் காலை வெயிலோ மாலை வெயிலோ நேரே படும் சுவரில், ஓராண்டு ஈராண்டிலே சிவப்பும் மஞ்சளும் வெளிறி, நீலமும் கறுப்பும் மட்டும் எஞ்சும். சிவப்பு மாம்பழம் நீல மாம்பழமாகி நிற்கும் பழக்கடைப் பலகைகளை நேயர்களும் கண்டிருக்கக்கூடும். துணி தளர்ந்தால் காற்றிலே அடித்துக்கொண்டு ஓரங்கள் கிழியும்.

பி.வி.சி. நுரைப்பலகை, ஃபோம் போர்ட் என்று விற்கப்படுவது, நீரால் ஒன்றும் ஆகாது. ஈரக் கண்டிக்கு அது ஒரு நற்குணம். ஐந்து மில்லிமீற்றர்ப் பலகை முழு அளவில் ஏறத்தாழ எட்டுக் கிலோகிராமே. ஆனால் வெயில் அதற்குப் பகை. கருநிறம் பூசி வெயிலில் வைத்தால் சூடேறி வளையும்; ஆண்டுகள் செல்ல நொறுங்கும். முன்தாழ்வாரத்தின் நிழலிலே, வெளிர்நிறத்திலே வைத்தால் நெடுங்காலம் இருக்கும். நகரின் பழைய கட்டடங்களிலே நடைபாதைக்கு மேல் தாழ்வாரம் உள்ள கடைகளுக்கு இது பொருத்தமானது.

அக்கிரிலிக் என்பது கண்ணாடிபோன்ற அழகும் வெயிலைத் தாங்கும் உறுதியும் உடையது, விலை கூடியது. அதை வாங்குபவர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். எட்டடிப் பலகை, காலைக் குளிருக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து மில்லிமீற்றர் நீண்டு சுருங்கும். திருகாணி இறுகப் பிடித்திருந்தால் அந்த நீட்சிக்கு இடமின்றித் துளையிலிருந்து வெடிப்பு ஓடும். துளையைத் திருகாணியிலும் பெரிதாக இட்டு, றப்பர் வளையம் வைத்து, மெல்லவே இறுக்குதல் வேண்டும்.

அலுமினியம் துருப்பிடிப்பதில்லை, இரும்பின் மூன்றிலொரு பங்கு நிறையே உடையது. ஒரு மில்லிமீற்றர் கனமுள்ள முழுத்தகடு எட்டுக் கிலோகிராம். விலைதான் சிறு கடைக்காரரைத் தயங்கச் செய்கிறது. அதற்கு மாற்றாக வந்ததே, இரண்டு மெல்லிய அலுமினியத் தோல்களுக்கிடையே பிளாஸ்டிக்கை வைத்து அழுத்திய கூட்டுத்தகடு. 1969இல் ஐரோப்பாவில் தோன்றிய இது இன்று கிளாடிங் என்ற பெயரோடு கண்டியின் புதிய கடைமுகப்புகளையெல்லாம் மூடிக்கொண்டிருக்கிறது. மட்டமாகவும் விறைப்பாகவும் நிற்கும். பெயரெழுத்துகளை வெட்டி ஒட்டுவதற்கு இதைப்போல் வசதியானது வேறில்லை. ஆனால் தோலின் கனத்தைக் கேட்டு வாங்குதல் வேண்டும். அரை மில்லிமீற்றர்த் தோலும் உண்டு, 0.2 மில்லிமீற்றர்த் தோலும் உண்டு. பின்னது நிழலான சுவருக்குப் போதும். திறந்த தெருவில் சிறு அடிபட்டாலும் குழிவிழும். இன்னொன்றும் சொல்லவேண்டும். இதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் பொலித்தீன், அது எரியக்கூடியது. 2017 ஜூன் 14ஆம் நாள் இலண்டன் கிரென்பெல் மாடிக்கட்டடத்தில் 72 பேர் மாண்ட தீவிபத்திலே, தீ மேலேறப் பெருங்காரணமாயிருந்தது இத்தகைய பொலித்தீன் உள்ளீடு கொண்ட மேற்போர்வையே. ஒரு சிறு பெயர்ப்பலகை அத்தகைய ஆபத்து என்று அஞ்சவேண்டியதில்லை. ஆனால் கட்டடத்தின் முழு முகப்பையும் இதனால் மூடி, உள்ளே மின்கம்பிகளை ஒழுங்கின்றி ஓடவிடுவது அறிவுடைமையாகாது.

இவ்வளவையும் கேட்டபின், முடிவாக எது மலிவு என்ற கேள்வி மீண்டும் எழும். ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். பிளெக்ஸ் பலகை செய்ய ஒரு பங்கு செலவு என்றும், நன்கு செய்த தகரப் பலகைக்கு மூன்று பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். எட்டு ஆண்டில் பிளெக்ஸை நான்கு முறை மாற்றவேண்டும். செலவு நான்கு பங்கு. தகரத்துக்கு இடையில் ஒருமுறை வர்ணம் புதுக்க ஒரு பங்கு. அதுவும் நான்கு பங்கு. இரண்டும் சமமாகிவிடுகின்றன! ஆனால் பிளெக்ஸ்காரரின் பெயர் அந்த எட்டு ஆண்டிற் பாதிக்காலம் வெளிறியே கிடக்கும். தகரக்காரர் முதல் நாளிலேயே மூன்று பங்கைக் கையிலிருந்து எடுத்து வைக்கவேண்டும். கடன் வாங்கித் தொழில் தொடங்குபவருக்கு அது எளிதன்று. எனவே, இதைத் தீர்மானிக்கத் தக்க அளவுகோல் வாடகை உடன்படிக்கையின் காலமே. ஈராண்டு உடன்படிக்கையில் கடை எடுத்தவர் பத்தாண்டுத் தகட்டை மாட்டுவது வீண். சொந்தக் கட்டடத்திலோ நீண்ட குத்தகையிலோ இருப்பவர் பிளெக்ஸை மாட்டுவதும் அதுபோலவே.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. பணம் குறைவாயிருப்பவர் முதலிற் சட்டத்தை நன்றாகச் செய்துகொள்ளட்டும். ஓர் அங்குலச் சதுர இரும்புக் குழாயால், நான்கு மூலையும் ஒட்டி, குழாய்களின் வாய்களை அடைத்து, உள்ளும் புறமும் துருத்தடுப்பு வர்ணம் பூசி, நீர் வடியக் கீழே சிறு துளையிட்டு, சுவரிலிருந்து ஓரங்குலம் விலகி நிற்குமாறு பொருத்தட்டும். அதன்மேல் முதலாண்டு பிளெக்ஸையே கட்டலாம். தொழில் ஊன்றிக்கொண்ட பின்னர், அதே சட்டத்தின்மேல் தகட்டைத் திருகிவிடலாம். சட்டத்துக்குச் செலவிட்ட பணம் இருமுறையும் பயன்படும். பெரும்பாலோர் செய்வது இதற்கு மாறானது: விலையுயர்ந்த தகட்டுக்குப் பணம் முழுவதையும் கொடுத்துவிட்டு, சட்டத்தை அரைகுறையாக முடிக்கிறார்கள்.

சட்டம் அரைகுறையானால் இழப்பு கடைக்காரரோடு நிற்பதில்லை. எட்டடிக்கு நான்கடிப் பலகையின்மேல் மணிக்கு 72 கிலோமீற்றர் வேகக் காற்று நேரே மோதினால், ஏறத்தாழ 75 கிலோகிராம் நிறையளவு விசை அதைத் தள்ளும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்துக்கு இழைத்த அழிவைக் கண்டவர்களுக்கு, காற்றும் மழையும் மலைநாட்டையும் விட்டுவைப்பதில்லை என்பதை எடுத்துரைக்கவேண்டியதில்லை. இன்னும், ஆடி ஆவணியில் எசல பெரஹரா செல்லும் நாட்களிலே தலதா வீதியிலும் அதனைச் சார்ந்த தெருக்களிலும் குழந்தை குட்டிகளோடு மக்கள் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பது எதன் கீழே? கடைகளின் பெயர்ப்பலகைகளின் கீழேதான். ஆகவே பெரஹராவுக்கு முன்னர் ஒவ்வொரு திருகாணியையும் கையால் அசைத்துப் பார்ப்பது கடைக்காரரின் கடமையாகும். பழைய கட்டடங்களின் சுண்ணாம்புச் சாந்துச் சுவர் இக்காலச் சீமெந்துச் சுவர்போல் ஆணியைப் பிடிக்காது. அங்கே நீண்ட பிடிப்பாணி வேண்டும், எண்ணிக்கையும் கூடவேண்டும். அலுமினியத் தகட்டைச் சாதாரண இரும்பாணியால் அறையாமல், துருவேறா உருக்குத் திருகாணியும் பிளாஸ்டிக் வளையமும் கொண்டு பொருத்துதல் நன்று. இரண்டு உலோகங்கள் ஈரத்திலே தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றொன்றை அரிக்கும்.

பலகையின் அளவிலும் பணம் மிச்சப்படும். தகடுகள் எட்டடிக்கு நான்கடியாக வருவன. இரண்டடி உயரப் பலகை செய்தால் ஒரு தகட்டில் இரண்டு கிடைக்கும். அண்டைக் கடைக்காரரோடு பங்கிட்டுக்கொள்ளலாம். மூன்றடி உயரம் என்று பிடிவாதம் பிடித்தால் ஓரடி வீணாகும். எழுத்தின் உயரத்துக்குப் பத்தடித் தூரத்துக்கு ஓரங்குலம் என்பது பலகை எழுதுவோரின் பழைய கணக்கு. கொட்டுகொடெல்ல வீதி போன்ற ஒடுங்கிய தெருவில் எதிர்நடைபாதையிலிருந்து பார்ப்பவருக்கு நான்கங்குல எழுத்துப் போதும். பேராதனை வீதியிலோ கட்டுகஸ்தோட்டைச் சந்தியிலோ ஓடும் வாகனத்திலிருந்து பார்ப்பவருக்கு அது போதாது. தெரு ஒடுக்கமாயிருக்கப் பலகை மட்டும் பெரிதாக இருப்பது, காதருகே நின்று உரக்கக் கத்துவதை ஒக்கும்.

மூன்று மொழிகளிலும் பெயரை எழுதுவோர் முன்கூட்டியே இடத்தைப் பகுத்துக்கொள்ளல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. கண்டியிலோ சிங்களமும் தமிழும் பேசும் மக்கள் ஒரே கடைவாசலில் நிற்பவர்கள். இருந்தும், முதலிரு மொழிகளையும் பெரிதாக எழுதி முடித்த பின்னர், கீழோரத்தில் எஞ்சிய ஒன்றரை அங்குலத்திலே தமிழை நெருக்கி வைக்கும் வழக்கம் பல பலகைகளிற் காணப்படுகிறது. அந்தக் கீழோரமே நீர் வடிந்து முதலில் உரியும் இடமுமாகும். தமிழுக்கும் சிங்களத்துக்கும் எழுத்தின் மேலும் கீழும் கொம்பும் விசிறியும் சுழியும் வருவதால், ஆங்கிலப் பெரிய எழுத்தைவிட வரிக்கு வரி கூடுதல் இடைவெளி வேண்டும். இடைவெளி இல்லாவிடில் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் “கி”யும் “கீ”யும் ஒன்றாய்த் தோன்றும். எழுதி முடிந்தபின் எழுத்துப்பிழை கண்டுபிடித்தால் பிளெக்ஸ்காரர் புதிதாக அச்சிடப் பணம் கேட்பார். தகரத்தில் எழுதுபவர் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவார்.

எந்தப் பலகையாயினும் மாட்டுவதற்கு முன்னர் நகரத்துக்குள் மாநகர சபையிலும், புறத்தே உரிய பிரதேச சபையிலும் அனுமதி குறித்து விசாரித்துக்கொள்ள வேண்டும். கண்டியின் மையப்பகுதி 1988 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளது; ஆதலால் அங்கே பழைய முகப்புகளை மறைக்கும் பெரும்பலகைகளுக்கு இடமில்லை. செலவிட்டுச் செய்தபின் கழற்றச் சொன்னால் எந்தத் தகடும் மலிவாகாது.

வர்ணவேலைக்கு உகந்த காலம் மாசியும் பங்குனியும். ஐப்பசியில் தீபாவளி வியாபாரத்தை எண்ணி அவசரமாகப் பூசும் வர்ணம், மாலை மழைக்குள் உலராமலே ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். நிறத்தைத் தெரிவதிலும் கவனம் வேண்டும்: கரியாலான கறுப்பும், இரும்பு ஒட்சைட்டாலான காவிச் சிவப்பும் வெயிலுக்கு அசையாதவை, பளிச்சென்ற மலிவுச் சிவப்புகள் முதலில் ஓடிப்போகும். ஆண்டுக்கு இருமுறை மெல்லிய துணியும் சவர்க்கார நீரும் கொண்டு கரியையும் பாசியையும் துடைத்துவிட்டால் போதும். கம்பித் தூரிகையாற் சுரண்டினால் பாசியோடு வர்ணமும் போகும். கழற்றிய பிளெக்ஸைக் கடையின் பின்புறத்திலே எரிப்பது கூடாது, பி.வி.சி. எரிந்தால் மூச்சுக்குழலை அரிக்கும் நச்சுப்புகை எழும். மழைக்காலத்தில் விறகுக் குவியலை மூட அது உதவும். தகரப் பலகைக்கோ அந்தத் தொல்லையே இல்லை. கடை கைமாறினாலும் பெயர் மாறினாலும், பின்பக்கத்துக்கும் தொடக்கத்திலேயே வர்ணம் பூசப்பட்டிருக்குமாயின், திருகாணிகளைக் கழற்றி, தகட்டைத் திருப்பி, அதே சட்டத்தில் மாட்டிப் புதிய பெயரை எழுதலாம்.